சனிக்கிழமை நிற்கிற வண்டி

சார், ஒரு விடுகதை போடுகிறேன். பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள் விடை சொல்லுங்கள், பார்ப்போம்.

கிளம்பும்போது குதிரை, பாதி வழியில் கழுதை. வெயிலில் நிற்கும், மழையில் ஓடும். வெள்ளிக்கிழமை குளிக்கும், சனிக்கிழமை படுக்கும். வயிறு நிறைய இருக்கும், ஆனாலும் பசி மயக்கம் போட்டு விழும். அது என்ன?

மாடா? இல்லை. உங்கள் மச்சானா? நல்ல பதில்தான் சார். எனக்கும் ஒரு மச்சான் இருக்கிறார், அவரும் இந்தக் கதையில் வருகிறார். ஆனால் விடை அவரில்லை. அவருக்குப் பசி மயக்கமெல்லாம் வராது; வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவார்.

தெரியவில்லையா? என் மடியைப் பாருங்கள். நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் போகிறவனுக்கு ஹெல்மெட் எதற்கு என்று யோசிக்கிறீர்கள். அதுதான் விடை. என் மோட்டார் சைக்கிள்.

என் பெயர் தண்டபாணி. ஊர் செஞ்சேரிபாளையம். வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. இந்த வேலையில் ஒரு நல்ல பழக்கம் வந்துவிடும் சார். மீட்டரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். இருக்கும் என்று நாமாக நினைப்பதை எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை, பார்த்தபடி. வேலையில் மட்டுமில்லை, வீட்டிலும் நான் அப்படித்தான். இந்த வண்டி விஷயத்திலும் நான் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

வண்டி செகண்ட் ஹேண்ட். உடுமலையில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கறுப்புச் சட்டைக்காரர். சாமி, பூஜை எதையும் நம்பாதவர். "எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட வழியில நின்னதில்லைங்க. அடிச்சுச் சொல்றேன்" என்றார். "ஆயுத பூஜைக்காவது வண்டிக்குப் பொட்டு வைப்பீங்களா?" என்று கேட்டேன். "எதுக்குங்க? வண்டிக்கு வேண்டியது ஆயிலு" என்றார்.

எனக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பாவமாக இருந்தது சார். அத்தனை வருஷம் உழைத்திருக்கிறது, நெற்றியில் ஒரு பொட்டு இல்லை.

அந்த வாரமே ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வண்டியைக் குளிப்பாட்டித் துடைப்பேன். சந்தனத்தில் பன்னீர் விட்டு, தோசை மாவு மாதிரி இல்லாமல், அடை மாவு மாதிரி கெட்டியாகக் குழைப்பேன். பிறகு பொட்டு. எங்கே வைப்பேன் என்று கேளுங்கள். ஊரில் எல்லோரும் ஹெட்லைட்டில் வைக்கிறார்கள். அது தப்பு சார். ஹெட்லைட் வண்டிக்குக் கண். கண்ணில் யாராவது சந்தனத்தை அப்புவார்களா? ஹேண்டில் பார் கை. சக்கரம் கால். அப்படியானால் நெற்றி எது? பெட்ரோல் டேங்க் மேலே வட்டமாக ஒரு மூடி இருக்கிறதே, அதுதான். பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி அதன் நடுவில் ஒரு சின்னக் குழிகூட இருக்கிறது. கட்டைவிரலால் அதில் வைத்து நன்றாக அழுத்தினால், அப்படியே பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில்தான் காய்ந்து உதிரும். திங்கட்கிழமை பார்த்தால் இருந்த இடம் தெரியாது.

இத்தனையும் வண்டிக்காக இல்லை சார். என் பெண்ணுக்காக.

சம்யுக்தா. ஆறாம் வகுப்பு. வீட்டில் சம்யு. கோ-கோ விளையாடுகிறாள். ஓடினால் பிடிக்க முடியாது. நேராக ஓடுவாள் என்று துரத்தினால் சட்டென்று வளைந்து, உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போய் நிற்பாள். பொள்ளாச்சி மைதானத்தில் சனிக்கிழமை காலையில் பயிற்சி. சொல்லித்தருகிறவர் சரோஜினி மிஸ். நல்லவர்தான், ஆனால் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். விசில் ஊதின பிறகு வந்து சேர்ந்தால் அன்றைக்கு விளையாட முடியாது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அழுதாலும் சரி, அப்பா வந்து கெஞ்சினாலும் சரி. கெஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமைக் காலை சம்யுவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவேன் சார். வாரம் முழுக்க நான் எழுந்திருக்கும் முன்பே ஸ்கூல் வேன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த ஒரு சவாரிதான் எங்களுக்கு. காதுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே வருவாள். வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் சாப்பாட்டை யார் சாப்பிட்டது, எல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரியும். அதனால் மச்சான் "சம்யுவ நான் கூட்டிட்டுப் போறன்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

முதல் சனிக்கிழமை. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. குதிரைதான். பாதி வழியில் தேங்காய் நார் மில் ஒன்று இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், காட்டுகிறேன். அங்கே போனதும் வண்டி இருமியது. சபையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார்களே, அப்படி. இழுவை குறைந்தது. நின்றுவிட்டது.

இறங்கினேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது சார். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. எட்டிப் பார்த்தால் பெட்ரோல் தளும்புகிறது. "பாத்தியா கண்ணு, புதுப் பெட்ரோலு. கேஸ் போகாம இருக்குது" என்றேன். மூடினேன். உதைத்தேன். கிளம்பிவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இருமல், மறுபடி நின்றது. மறுபடி இறங்கி, மறுபடி திறந்து, 'புஸ்', பெட்ரோல் இருக்கிறது, உதை, கிளம்பியது. இப்படி நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது விசில் ஊதியாகிவிட்டது. சம்யு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது கேட்டாள், "அப்பா, மூடியத் திறந்தாத்தான் வண்டி கெளம்புது, கவனிச்சீங்களா?"

"திறந்ததால இல்ல கண்ணு. அப்பா உதைக்கிற உதை அப்படி" என்றேன்.

திங்கட்கிழமை பெலிக்ஸிடம் விட்டேன். எங்கள் ஊர் மெக்கானிக். நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார்கூட வாசிப்பான். வண்டியை எடுத்துக்கொண்டு உடுமலை வரை போய்த் திரும்பி வந்தான். "ஒண்ணுமே இல்லீங்ணா. வெண்ணெயாட்டம் போகுது" என்றான். "நின்னுதுப்பா. நான் பாத்தேன்" என்றேன். ப்ளக்கை மாற்றினான். சனிக்கிழமை நின்றது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். சனிக்கிழமை நின்றது. பெட்ரோல் டேப்பை மாற்றினான், காயிலை மாற்றினான். வாரநாளில் நான் தெருத்தெருவாகச் சுற்றுகிறேன், ஒரு தடவை இருமாது. சனிக்கிழமை, நார் மில், படுக்கை.

இதோ, இதோ, வலது பக்கம் பாருங்கள். புகைபோக்கி தெரிகிறதா? அதுதான் சார் மில். இதே இடம்தான். பஸ் என்ன லட்சணமாகப் போகிறது பாருங்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. யோசித்தேன். வண்டி நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? பொட்டு போதவில்லை என்று அர்த்தம். முதலில் கட்டைவிரல் அளவு வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பத்து ரூபாய்க் காசு அளவு. அப்புறம் வடை அளவு. பூங்கொடி, என் சம்சாரம், "ஏனுங்க, வண்டிக்குப் பொட்டு வெக்கறீங்களா, கட்டுப் போடறீங்களா?" என்று கேட்டாள். நான் இன்னும் கொஞ்சம் சந்தனத்தை அப்பினேன். பக்தியைப் பற்றி விவாதம் செய்யக் கூடாது.

ஒரு சந்தேகத்துக்கு அந்தக் கறுப்புச் சட்டைப் பெரியவருக்குப் போன் செய்தேன். "உங்ககிட்ட நிஜமாவே நின்னதில்லையா?" என்றேன். "ஒரு நாளும் இல்லைங்களே" என்றார். "ஒரு பொட்டுகூட வெச்சதில்லை?" "இல்லைங்க." போனை வைத்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது சார். அத்தனை வருஷமும் அவர் வைக்காமல் விட்ட பொட்டுக்கெல்லாம் சேர்த்து வண்டி என்னிடம் கேட்கிறது.

நடுவில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பூங்கொடி போக வேண்டாம் என்றாள். நாங்கள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஊரில் பாதி வண்டி மழையில் நனைந்து நிற்கிறது, என் வண்டி நார் மில்லைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, மைதானத்து வாசல் வரை ஒரு இருமல் இல்லாமல் போனது. சந்தனம் மட்டும் கரைந்து, டேங்க் மேலெல்லாம் மஞ்சளாக வழிந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. மழையில் தூசி அடங்கிவிடும். அதனால் ஓடியது. ஆகவே வண்டியை நிறுத்துவது நார் மில் தூசி. கண்ணால் பார்த்ததைக் கொண்டு எப்படிக் கண்டுபிடித்தேன் பார்த்தீர்களா?

சம்யு வேறு ஒன்று கண்டுபிடித்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் ஒரே தண்ணீர். பூங்கொடி கத்திக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அடிப்பக்கத்தில் காம்பஸ் முனையால் ஒரு ஓட்டை போட்டிருக்கிறாள். தண்ணீரை நிரப்பித் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, பாருங்க. மூடி தொறந்திருக்குது, தண்ணி ஓடுது. இப்ப இறுக்கி மூடறேன்."

மூடினாள். கொஞ்சம் சொட்டியது. நின்றுவிட்டது சார். பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, கீழே ஓட்டை இருக்கிறது, ஒரு சொட்டு விழவில்லை.

"ஏன் நின்னுது?" என்று என்னைக் கேட்டாள்.

"நீயே சொல்லு."

"கீழ தண்ணி எறங்கினா, மேல அந்த எடத்துக்குக் காத்து போகணுமில்ல? காத்து போக வழியில்ல. அதனால தண்ணி எறங்க மாட்டேங்குது. இப்பத் தொறக்கறேன், கேளுங்க."

திறந்தாள். 'புஸ்' என்று மெல்லிசாக ஒரு சத்தம். தண்ணீர் ஓடியது.

"நம்ம டேங்க்கும் இப்படித்தாம்ப்பா. பெட்ரோல் இருக்குது, எஞ்சினுக்கு எறங்க மாட்டேங்குது. காத்து போறதுக்கு மூடியில ஒரு ஓட்டை இருக்கணும். அது அடைச்சிருக்குது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லாயிருக்குது கண்ணு! சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு இதையே வெச்சிரு" என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸிபிஷன் எப்போது என்று யோசித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவளே பாட்டிலை எடுத்துக்கொண்டு பெலிக்ஸ் கடைக்குக் கிளம்பினாள். நானும் வண்டியோடு போனேன். கடைக்கு விடுமுறை, ஆனால் பின்பக்கம் அவன் வீடு. சர்ச்சுக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டையில் நின்றான். பாட்டில் வித்தையைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டான். "அட ஆமாம் கண்ணு! இத நான் மொதல்லயே பாத்திருக்கணும்" என்று மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். அந்தக் குழிக்குள்ளே குண்டூசி முனை அளவு ஒரு ஓட்டை இருந்ததாம். எனக்குத் தெரியவே தெரியாது. முதல்நாள் மழையில் கரைந்ததுபோக ஓரத்தில் ஏதோ மஞ்சளாக அப்பியிருந்தது.

"மஞ்சளா என்னமோ இருக்குதுங்ணா" என்றான்.

"நார் மில் தூசி" என்றேன்.

"நார்த் தூசி செம்மண் கலருல்லங்ணா?" முகர்ந்து பார்த்தான். "வாசமா வேற இருக்குது."

"காஞ்ச தேங்காய் நாருக்கு ஒரு வாசம் உண்டுப்பா" என்றேன்.

பெலிக்ஸ் என்னைப் பார்த்தான். சம்யுவைப் பார்த்தான். ஒரு ஊசியால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தான். பிறகு அவள் பக்கம் குனிந்து, "கண்ணு, இத நீயே அப்பாகிட்டப் பக்குவமா சொல்லிரு. சாமி விசயம். நான் சொன்னா நல்லாயிருக்காது" என்றான். என் காதில் விழுந்தது. தன்னால் கண்டுபிடிக்க முடியாததை ஒரு சின்னப் பெண் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவனுக்கு வெட்கம். அதற்குள் சாமியை எதற்கு இழுக்கிறான் என்றுதான் புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே சம்யு ஆரம்பித்தாள்.

"அப்பா, பொட்ட ஹெட்லைட்ல வெய்யுங்கப்பா."

"கண்ணுலயா?"

"அப்ப மட்காட்ல."

"அது மூக்கு. மூக்குல பொட்டு வெச்சா சிரிக்க மாட்டாங்களா?"

"நம்பர் பிளேட்ல?"

"அது எந்த எடம்னு நீயே யோசிச்சுப் பாரு கண்ணு."

சிரித்துவிட்டாள் சார். நானும் சிரித்தேன். அவ்வளவு சிரித்துக்கொண்டு வந்தோம். அப்புறம், "அப்பா, அந்தச் சந்தனந்தாம்ப்பா ஓட்டைய அடைக்குது" என்றாள். நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. குழந்தை. "கண்ணு, சாமிக்கு வெக்கிற சந்தனம் யாரையாச்சும் வழியில நிறுத்துமா? தூசி நிறுத்தும், சந்தனம் நிறுத்தாது" என்று எடுத்துச் சொன்னேன். அவள் பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள். ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீசில் மீட்டிங். இருட்டின பிறகுதான் வந்தேன். வந்து பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கிறது. சம்யுவே கழுவி, துடைத்து, அழகாக ஒரு சின்னப் பொட்டு வைத்திருக்கிறாள். ஆனால் மீட்டர் கண்ணாடியில். பாவம், அவசரத்தில் இடம் மாறிவிட்டது. அன்றைக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வண்டி நிற்காமல் போனது சார்! எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். வியாழக்கிழமைதான் ஹேண்டிலில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தேன். அதுதான் காரணம். இருந்தாலும் பொட்டு இடம் மாறியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, விட்டதற்கும் சேர்த்து, நெற்றியில் நானே பெரிதாக வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நார் மில்லில் நின்றது.

அன்றைக்குத்தான் சரோஜினி மிஸ் என்னைக் கூப்பிட்டார். "சார், நல்லா ஓடற பொண்ணு. ஆனா வந்து சேர்ந்தாத்தானே ஓட முடியும்? அடுத்த சனிக்கிழமை மாவட்ட டீமுக்கு செலக்‌ஷன். அன்னிக்கும் விசிலுக்கு அப்புறம் வந்தா, இந்த வருஷம் அவ பேரு இல்ல. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார். சம்யு பக்கத்தில்தான் நின்றாள். ஷூ லேசை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அடுத்த சனிக்கிழமைதான் சார் இன்றைக்கு.

விஷயம் மச்சானுக்குப் போய்விட்டது. மயில்சாமி மச்சான். பூங்கொடிக்கு அண்ணன். புதிதாக பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். சத்தமே வராது. சத்தமெல்லாம் அவரிடமிருந்துதான் வரும். நேற்றுச் சாயங்காலமே வந்து இறங்கிவிட்டார், காலையில் அவர்தான் கூட்டிக்கொண்டு போவாராம்.

"மாப்ள, உம்பட வண்டிய விட்டுப்போட்டு வா. அது வண்டியா? ஊட்டிக்குப் போற ரயிலுகூட அத்தனை எடத்துல நிக்காது" என்றார், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"மச்சான், உங்களுது வண்டியா? செல்போனுக்குச் சக்கரம் வெச்சாப்பல இருக்குது" என்றேன்.

"செல்போனா இருந்தாலும் போய்ச் சேருமில்ல?"

"சார்ஜ் இருந்தா."

"சார்ஜுக்கென்ன குறைச்சல்? பழனி வரைக்கும் போய்ட்டு நேரா இங்கதான் வர்றன். இதா, உங்க வாசல்ல மாட்டியிருக்கறன். விடியறதுக்குள்ள நெறைஞ்சிரும்."

மாட்டித்தான் இருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது பார்த்தேன். வாசலில் இருப்பது பழைய ப்ளக் பாயிண்ட் சார். அந்த லோடு அதற்கு ஆகாது. கரண்ட் ஆபீஸ் ஆள் வீட்டிலேயே ஃபியூஸ் போனால் ஊர் சிரிக்காதா? அதனால் சுவிட்சை அணைத்துவிட்டேன். பாதுகாப்புக்காக மட்டும்தான். வேறு எந்த எண்ணமும் இல்லை. அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். தூங்குகிறவரை எழுப்புவது மரியாதை இல்லை.

செலக்‌ஷன் ஆயிற்றே என்று வண்டிக்கு நேற்று விசேஷமாகச் செய்தேன். வழக்கமாக வைப்பதுபோல இரண்டு மடங்கு சந்தனம். அதன் மேலே குங்குமம். குங்குமத்தின் மேலே ஒரு செம்பருத்தி இதழை ஒட்டினேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். மூடியே தெரியவில்லை.

ஓ, ஸ்டாண்ட் வந்துவிட்டதா? நீங்கள் இங்கேதானே இறங்க வேண்டும்? ஒரு நிமிஷம். பஸ் உள்ளே வளைந்து நிற்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

இன்றைக்குக் காலையில் கேட்டுக்கு முன்னால் இரண்டு வண்டியும் நிற்கிறது. நான் ஹெல்மெட் மாட்டி, ஒரே உதையில் கிளப்பி, உறும வைத்துக்கொண்டு நிற்கிறேன். மச்சான் ஸ்கூட்டர் மேலே உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். "கண்ணு, மாமன் வண்டியில ஏறு. காத்தாட்டம் போலாம்" என்கிறார். "சம்யு, அப்பா வண்டி ரெடி" என்கிறேன். பூங்கொடி டிபன் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள். "ஓடப்போறது அவ. அவளே சொல்லட்டும். இனி ஆரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

சம்யு முதலில் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். டேங்க் மூடியைப் பார்த்தாள். "அப்பா, இதைத் தொடைச்சிடட்டுமா?" என்றாள்.

"செலக்‌ஷன் அன்னிக்கா? நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிப்பாங்களா கண்ணு?" என்றேன்.

பிறகு மச்சான் வண்டிக்குப் போனாள். மீட்டரை எட்டிப் பார்த்தாள். "மாமா, இதுல ஒரே ஒரு கோடுதான் இருக்குது. அதும் செவப்பா மின்னிட்டிருக்குது."

"அது அப்படித்தான் கண்ணு மின்னும். புது வண்டியில்ல?" என்றார் மச்சான். ராத்திரி முழுக்க மாட்டியிருந்தேனே என்று முணுமுணுத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பூங்கொடிதான் யாரும் பேசக் கூடாது என்றாளே.

சம்யு நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள். அவளுக்கு யார் மனசையும் நோகடிக்கத் தெரியாது சார். அப்பாவோடு போனால் மாமனுக்கு வருத்தம், மாமனோடு போனால் அப்பாவுக்கு வருத்தம். அந்த ஒரே காரணத்துக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

டிபன் பையைத் தோளில் மாட்டினாள். கேட்டைத் திறந்தாள். ரோட்டைக் கடந்து, இந்தப் பஸ்ஸில் ஏறினாள். ஹெல்மெட்டும் கையுமாக நானும் பின்னாலேயே ஓடி வந்து ஏறினேன்.